வெற்றுத்தாள் வாங்கிய பாதிரி!

தஞ்சைக்குச் செல்வோர் பெரிய கோயிலைக் காண்பர். விண்ணை முட்டும் விமானத்தைக் கண்டு வியப்பர். நந்தியின் முன் நின்று படம் பிடிப்பர். பிறகு பேருந்து ஏறி ஊர் திரும்புவர். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, சிவகங்கைத் தோட்டத்தையொட்டி, ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. 1779இல் எழுந்த கட்டிடம். அதற்குள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியது. தஞ்சை மன்னர் சரபோஜி விரும்பிச் செய்வித்தது.

படுக்கையிலே சாகும் தறுவாயில் ஒரு கிழப் பாதிரி. அவர் கரத்தைப் பற்றியபடி மன்னன். தலைமாட்டில் இன்னொரு பாதிரி. சுற்றிலும் சிறுவர்கள். காண்போர் கண் கலங்கும் காட்சிதான், மறுக்கவில்லை.

ஆனால் நான் நாடகம் எழுதிப் பிழைப்பவன். மேடையில் யார் நிற்கிறார் என்று ஊர் பார்க்கும். மேடைக்கு யாரை ஏறவிடவில்லை என்று நான் பார்ப்பேன். அந்தச் சலவைக்கல்லில் பாதிரி இருக்கிறார், மன்னன் இருக்கிறான், மாணவர் இருக்கின்றனர். எங்கே உழவன்? எங்கே பண்ணையாள்? எங்கே கும்பினி?

ஆம், கும்பினியும் அங்கே இல்லை! நாடகத்தை நடத்தியவன் திரைக்குப் பின்னே நின்றுகொண்டான்.

அந்தப் பாதிரியின் பெயர் கிறிஸ்டியன் பிரடரிக் சுவார்ட்ஸ். அவர் கதையை இன்று ஏன் சொல்ல வருகிறேன்? பழங்கதை பேசப் பொழுது கிடைத்ததாலா? இல்லை. அண்மையில் கீழ்வேளூரில் நடந்த ஒரு திண்ணைக் கூட்டம்தான் என்னை எழுதவைத்தது.

திண்ணையில் எழுந்த கேள்வி

அறுவடை முடிந்து, களத்திலே நெல் குவிந்து கிடக்கிறது. போன முறை போட்ட நெல்லுக்கே பணம் வந்து சேரவில்லை என்று உழவர்கள் மனம் கசந்திருக்கிறார்கள். இந்த முறை மூட்டையை இறக்கத் தயங்குகிறார்கள். அப்போது ஓர் அதிகாரி நம் கிளைத் தோழரைக் கூப்பிட்டனுப்பினார். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனிதர், கைநீட்டாதவர், காலையில் வந்தால் இருட்டும்வரை உழைப்பவர். அவர் சொன்னது இதுதான்: "எங்களை அவர்கள் நம்பவில்லை. உங்களை நம்புகிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூட்டை இறங்கிவிடும்."

இதைக் கூட்டத்தில் சொன்னபோது அந்த இளைய தோழரின் முகத்திலே பெருமிதம் பொங்கிற்று. "அதிகாரமே நம் வாசலுக்கு வந்துவிட்டது, தோழர்! நம் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தீர்களா? நல்ல அதிகாரி. அவருக்காகச் சொல்லிவிடலாமே?" என்றார்.

அருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எழுபது கடந்த விவசாயத் தொழிலாளி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏந் தம்பி, அவுரு நல்லவருதான். நாளைக்கு அவுர மாத்திட்டா, பணம் யாரு தர்றது? ஒன்னையத்தானே நாங்க கேக்கணும்?"

கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். முழுதாகப் படித்து முடித்திருந்தாலும் இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்பித்திருக்க மாட்டார். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் சுவார்ட்ஸ் பாதிரியின் கதையைச் சொல்கிறேன்.

பீரங்கியால் முடியாதது

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு செய்தி. 1758ஆம் ஆண்டு. லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பணமில்லாப் படையோடு தஞ்சையை நோக்கி வந்தான். நாகூரிலே கை வைத்தான். கீழ்வேளூர்க் கோயிலுக்குள் புகுந்தான். புதையல் இருக்கிறது என்று தோண்டினான். கிடைக்கவில்லை. அங்கிருந்த அந்தணர் அறுவரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயிலே வைத்துச் சிதறடித்தான்! அந்தக் கொடுமையைச் செய்துவிட்டுத் தஞ்சைக்குப் போனவன் கோட்டையைப் பிடித்தானா? இல்லை. முற்றுகையைக் கைவிட்டு, காரைக்காலை நோக்கித் திரும்பி ஓடினான்.

பீரங்கி தோற்றது. ஏன்? பீரங்கியை மக்கள் பகை என்று அறிவார்கள். பகையென்று அறிந்ததை எதிர்ப்பது எளிது. வீட்டுக்கதவைச் சாத்துவான், நெல்லைக் குழியிலே புதைப்பான், மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போவான்.

லாலி இப்படிப் பீரங்கியோடு அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டில், நமக்கு வடக்கே, கடலோரத் தரங்கம்பாடியில், ஒரு ஜெர்மானியப் பாதிரி தமிழில் பேசிக்கொண்டு தெருத்தெருவாய் நடந்துகொண்டிருந்தார். கையிலே வாளில்லை, வேதப் புத்தகம் இருந்தது. வாயிலே வசையில்லை, வணக்கம் இருந்தது.

1726இல் பிரஷ்ய நாட்டு சோனன்பர்க்கில் பிறந்தவர் சுவார்ட்ஸ். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே தமிழ் கற்றார். அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிடும் பணிக்கு உதவுவதற்காகக் கற்றார். 1750இல் டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1706இல் அங்கே வந்து இறங்கி, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் நூல் அச்சிட்ட சீகன்பால்குவின் வழிவந்தவர்கள் கூட்டம் அது. தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு ஏழையின் கைக்கும் போகத் தொடங்கியதற்கு அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நன்றி மறப்பது நம் பழக்கமன்று.

சுவார்ட்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை. எளிய உணவு, எளிய உடை. தமிழோடு மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1760களில் திருச்சிக்குச் சென்றார். அங்கே கும்பினியின் கோட்டைப் படை இருந்தது. அந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கும் ஜெபம் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? பாதிரி அப்பணியை ஏற்றார். சென்னை அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் வைத்தது.

தோழர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் பணத்தில் மாளிகை கட்டவில்லை. பள்ளிக்கும் சபைக்கும் கொடுத்தார். கையூட்டு வாங்கியவன் என்று அவரைச் சொல்வதற்கு என் பேனாவிலே மையில்லை. ஆனால் கடவுளின் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், அன்று முதல் கும்பினியின் சம்பளமும் வாங்கினார். எஜமானர் இருவர் ஆயினர்!

பயிரின் மேல் கடன் பாத்தியம்

அந்தக் கும்பினி எத்தகையது? அதையும் அறிவோம். 1771இல் ஒருமுறை, 1773இல் மறுமுறை, ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சையின் மேல் படையெடுத்தது. 1773இல் கோட்டையைப் பிடித்து, மன்னர் துளஜாவைச் சிறையிட்டு, நாட்டை நவாபின் கையிலே கொடுத்தது. நவாபோ கழுத்துவரை கடனில் மூழ்கியவர். கடன் கொடுத்தவர்கள் யார்? கும்பினியின் சொந்த ஊழியர்களே! அவர்களுள் ஒருவன் பால் பென்ஃபீல்டு. தஞ்சை வயலில் நின்ற பயிரின்மேலேயே தனக்குக் கடன் பாத்தியம் உண்டு என்றான். நட்டவன் கீழ்வேளூரான், நாற்றுக்கு நீர் தந்தவள் காவிரி, கதிரின் மேல் பாத்தியம் பென்ஃபீல்டுக்கு!

1776இல் லண்டன் ஆணைப்படி ஆளுநர் பிகட் நாட்டைத் துளஜாவிடம் திருப்பித் தந்தார். அதைப் பொறுக்காத கூட்டம் ஆளுநரையே பிடித்துச் சிறையிட்டது. 1777இல் அவர் காவலிலேயே மாண்டார். கொள்ளையிலே குறுக்கிட்டால் தங்கள் ஆளுநரையும் விழுங்கும் கூட்டம் அது.

அரியணை துளஜாவுக்குத் திரும்பிற்று. ஆனால் கோட்டையிலே கும்பினிப்படை தங்கிற்று. அந்தப் படைக்குச் சோறு தஞ்சை போட வேண்டும். சம்பளம் தஞ்சை கொடுக்க வேண்டும். காவலுக்கு வந்தவனுக்கே கப்பம்! இந்தத் தஞ்சைக்குத்தான் 1778இல் சுவார்ட்ஸ் வந்து சேர்ந்தார்.

1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரை அழைத்தார். மைசூரின் ஐதர் அலி சினந்திருக்கிறான். அவனிடம் சென்று சமாதானம் பேச வேண்டும். கும்பினியின் தூதன் என்றால் ஐதர் நம்பமாட்டான். பாதிரி என்றால் நம்புவான். சுவார்ட்ஸ் சீரங்கப்பட்டணம் சென்றார். ஐதர் மதித்து வரவேற்றான். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் முடிப்புத் தந்தான். பாதிரி அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடமே ஒப்படைக்க முன்வந்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டபின், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆக்கினார். எத்துணை நேர்மை!

ஆனால் அந்த நேர்மை எதற்குப் பயன்பட்டது? ஐதர் சொன்ன குறைகளைப் பாதிரி கொண்டுவந்து சேர்த்தார். கும்பினி திருந்திற்றா? இல்லை. மறு ஆண்டு, 1780இல், ஐதரின் குதிரைகள் கருநாடகச் சமவெளியில் இறங்கின. 1781இல் தஞ்சை மண்டலம் எரிந்தது. மதகுகள் உடைந்தன, வாய்க்கால்கள் வறண்டன, மாடுகள் மறைந்தன, தலைமுறை தலைமுறையாக "ஐதர் கலாபம்" என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி அஞ்சிய காலம் அது. சமாதானம் பேசச் சென்ற சாதுவை அனுப்பியவன், சமாதானத்தை விரும்பி அனுப்பவில்லை. தன் முகத்திற்கு ஒரு முகமூடி வேண்டித்தான் அனுப்பினான்.

அந்த வெற்றுத்தாள்

இப்போது வருகிறது நாடகத்தின் உயிர்க்காட்சி. நான் கற்பனை செய்ததன்று. சுவார்ட்ஸ் தாமே தம் கடிதத்தில் எழுதிவைத்த செய்தி.

போர்க்காலம். தஞ்சைக் கோட்டைக்குள் படை பசித்துக் கிடக்கிறது. நாட்டுப்புறத்தில் நெல் இருக்கிறது. ஆனால் கோட்டைக்கு ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருப்பவன் வரமாட்டேன் என்கிறான். முன்னே கொண்டுவந்த நெல்லுக்கும் ஓட்டிவந்த மாட்டுக்கும் பணம் தராமல் ஏமாற்றியிருக்கிறார்கள். அரசன் சொன்னாலும் நம்பவில்லை. கும்பினி சொன்னாலும் நம்பவில்லை. இந்நிலையில் துளஜா ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மனம்விட்டுச் சொன்னாராம்: நாம் இருவருமே நம்பிக்கையை இழந்துவிட்டோம், மக்கள் பாதிரியையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று.

உடனே மன்னர் பாதிரிக்கு ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார். நீர் விரும்பியபடி மக்களிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் என்று அதிகாரம் கொடுத்தார். பாதிரி வார்த்தை கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. உபதேசிமார்கள் உயிரைப் பணயம் வைத்து ஊர் ஊராய்ச் சென்றனர். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து குவிந்தது. கோட்டை பிழைத்தது.

பாதிரி ஏமாற்றினாரா? இல்லை! பேசியபடி பணத்தைக் கொடுத்தார். கையில் இல்லாததற்குப் பிறர் தம்மிடம் ஒப்படைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். மேலும் சிறு வெகுமதியும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் வந்தவர்களுக்குத் தாம் முன்கூட்டி வாங்கிவைத்திருந்த அரிசியிலிருந்து சோறிட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். துளஜாவின் கடைசி ஆண்டுகளில் அமைச்சனின் கொடுமை தாங்காமல் குடிகள் ஆயிரமாயிரமாய் நாட்டைவிட்டு ஓடினர். வயல்கள் கரம்பாய்க் கிடந்தன. திரும்பி வாருங்கள் என்று மன்னர் அழைத்தார், எவரும் வரவில்லை. பாதிரி வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர்! ஆனியில் தொடங்க வேண்டிய சாகுபடியைப் புரட்டாசி நெருங்கும்போது தொடங்கியும், எமக்கு நீர் செய்த நன்மைக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று சொல்லி ஏர் பூட்டினராம்.

தோழர்களே! ஒரு மனிதனின் சொல்லுக்கு 7,000 பேர்! ஒரு வெற்றுத்தாளுக்கு 80,000 கலம்! இதைவிட உயர்ந்த புகழ் எந்தத் தலைவனுக்கு உண்டு?

இங்கேதான் நான் கேட்கிறேன். அந்த 80,000 கலமும் போய்ச் சேர்ந்த இடம் எது? கும்பினிப்படை தங்கிய கோட்டை. திரும்பி வந்த 7,000 பேர் இரவும் பகலும் உழைத்து விளைவித்த நெல்லில் மேல்வாரம் யாருக்கு? கும்பினிக்குக் கப்பம் கட்டும் அரண்மனைக்கு. மக்கள் நம்பியது பாதிரியை. பலன் கண்டது கும்பினி. நம்பிக்கை என்னும் மாட்டைப் பூட்டியவர் சுவார்ட்ஸ். வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் வெள்ளை வணிகன்!

பாதிரி பதவியேற்கிறார்

கும்பினி கண்டுகொண்டது. ஆயிரம் துப்பாக்கி சாதிக்காததை இவர் வாய்ச்சொல் சாதிக்கிறதே! உடனே, தஞ்சையின் நிர்வாகத்தைக் கவனிக்க 1780களின் நடுவில் கும்பினி அமைத்த குழுவிலே சுவார்ட்ஸுக்கும் ஒரு நாற்காலி போட்டது. அரசின் மொழிபெயர்ப்பாளர் என்ற பொறுப்பையும் தந்தது. பாதிரி ஒரு நிபந்தனை சொன்னார்: வன்முறையில் நான் கலந்துகொள்ளமாட்டேன்.

ஒத்துக்கொண்டார்கள். ஏன் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்? அடிக்கும் கைக்கு அவர்களிடம் பஞ்சமா? அணைக்கும் கைதான் அவர்களிடம் இல்லை. அதைத்தான் அவரிடம் வாங்கினார்கள்.

1787இல் துளஜா சாகும் தறுவாயில் பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை மகவாக ஏற்று, பாதிரியின் பொறுப்பில் ஒப்படைக்க விரும்பினார். தனியே அப்பொறுப்பை ஏற்கப் பாதிரி தயங்கினார். மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காட்டினார். துளஜா மறைந்ததும் மகவேற்பு செல்லாது என்று பண்டிதர் குழுவொன்று சொல்லிற்று. கும்பினி அமர்சிங்கை அரியணையில் ஏற்றிற்று. சிறுவன் சிறைப்பட்டவன் போல் துன்புற்றான். சுவார்ட்ஸ் அவனுக்காக வாதாடினார். 1793இல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கல்வி கற்பிக்க வழிசெய்தார். மகவேற்பு முறையானதே என்று எழுதினார். பிறகு வேறு பண்டிதர்களைக் கேட்டார்கள். அவர்கள் செல்லும் என்றார்கள். சாத்திரம் ஒன்றுதான், கேட்கும் கும்பினியின் தேவைதான் வேறு!

1798 பிப்ரவரி 13. சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் அமர்சிங் இறக்கப்பட்டார், சரபோஜி ஏற்றப்பட்டார். 1799 அக்டோபர் 25. சரபோஜி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினிக்கு! மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

மன்னர் கையில் எஞ்சியது நூலகமும் நோய்தீர்க்கும் ஓலைகளும். அவர் வளர்த்த சரசுவதி மகாலை இன்றும் போற்றுகிறோம். ஆனால் காவிரி? வயல்? வாய்க்கால்? வாரம்? எல்லாம் கும்பினிக்கு. லாலியின் பீரங்கியால் பறிக்க முடியாத தஞ்சை, ஒரு பேனா முனையில் போயிற்று.

அந்த ஒப்பந்தத்தில் சுவார்ட்ஸ் கையெழுத்திட்டாரா? இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே அவர் கல்லறைக்குப் போய்விட்டார். அவர் சதிசெய்தார் என்று பொய் சொல்லி என் வழக்குக்கு வலுத் தேடமாட்டேன். அவர் சதிகாரர் அல்லர், பாலம். பாலம் எவரையும் கொல்வதில்லை. ஆனால் படை அதன்மேல்தான் நடந்துவருகிறது! பாலம் உறுதியாக இருந்தால் படைக்குத்தான் நல்லது. சென்னைக் கோட்டையிலுள்ள மேரி தேவாலயத்தில் அவருக்கு இன்னொரு சலவைக்கல் சின்னம் இருக்கிறது. அதை எழுப்பியது எது தெரியுமா? கிழக்கிந்தியக் கும்பினி! வணிகன் எந்தச் செலவையும் கணக்குப் பார்க்காமல் செய்வானா?

இருபக்கத்து எதிரிகளுக்கு

இதைப் படித்ததும் ஒரு கூட்டம் துள்ளி எழும். "பார்த்தீர்களா! பாதிரி என்றாலே அந்நியக் கையாள்! அவன் மதத்தைத் தழுவியவன் எல்லாம் அந்நியன்!" என்று கொக்கரிக்கும். அவர்களுக்குச் சொல்கிறேன்: நிறுத்துங்கள்!

கும்பினிக்குத் துபாஷி வேலை பார்த்தவர்கள் எந்த மதம்? மகவேற்பு செல்லாது என்று ஒருமுறையும் செல்லும் என்று மறுமுறையும் சொன்ன பண்டிதர்கள் எந்த மதம்? குடிகளை நாட்டைவிட்டு ஓட ஓட விரட்டிய அமைச்சன் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றான்? நாட்டை விற்கும் சந்தையில் எல்லா மதத்தாரும் கடை வைத்திருந்தார்கள். நாட்டைச் சுமந்த வயலிலும் எல்லா மதத்தாரும் நின்றார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்பவனும் நாகூருக்கு நடப்பவனும் சிக்கலுக்கு நடப்பவனும் கீழ்வேளூர் வழியாகத்தான் நடக்கிறான். ஒரே கடையில்தான் தேநீர் குடிக்கிறான். அவனைப் பிரிக்க வருபவன் எவனாயினும் அவன் கும்பினியின் பேரன்!

இன்னொரு கூட்டமும் உண்டு. "ஏழைக்குச் சோறிட்ட மகானை இகழலாமா?" என்று அது கண்ணீர் வடிக்கும். அவர்களையும் கேட்கிறேன். அன்பே உருவான அந்தச் சபையிலே ஏழைக்கு எந்த இடம் கிடைத்தது? தஞ்சைச் சபையில் உயர்சாதிக் கிறித்தவருக்கு ஒரு பக்கம், தாழ்த்தப்பட்ட கிறித்தவருக்கு ஒரு பக்கம் என்று இருக்கை பிரிந்தே கிடந்தது. சுவார்ட்ஸ் அதை விரும்பவில்லை என்பார்கள், ஆனால் உடைக்கவுமில்லை. 1833இல் பேராயர் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபையே கலகப்பட்டது. சுவார்ட்ஸின் சீடர், கவிஞர் வேதநாயகம் சாத்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதிட்டார். அரசனையும் கும்பினியையும் ஒரு மேசையில் உட்காரவைக்க முடிந்தவருக்கு, பண்ணையாளையும் வேளாளனையும் ஒரு பாயில் உட்காரவைக்க முடியவில்லை!

அந்த 80,000 கலத்தை அறுத்தவன் யார்? அடித்தவன் யார்? தூற்றியவள் யார்? அவர்கள் பெயர் ஒரு கடிதத்திலும் இல்லை. மிராசுதாரனிடம் பேசினார் பாதிரி. மிராசுதாரனின் பண்ணையாளிடம் எவரும் வெற்றுத்தாள் கொடுத்துப் பேசவில்லை. கும்பினி வந்தது; போயிற்று. பேரரசி வந்தாள்; போனாள். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ஒரு சட்டம் தஞ்சைக்கு வர 1952 ஆயிற்று. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, இதே கீழ்வேளூர் வட்டாரத்து வெண்மணியில், கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாய்க் கேட்ட குற்றத்துக்கு 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. உலகமெங்கும் அன்பின் திருநாள் கொண்டாடிய இரவு அது! அவர்களைக் காக்க நல்லவர் எவருடைய வாக்கும் வரவில்லை. பின்னாளில் அவர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பியது அவர்களுடைய சங்கம், கும்பினி அன்று, மன்னன் அன்று.

நாம் சுவார்ட்ஸ் ஆகலாமா?

திண்ணைக்குத் திரும்புவோம்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அந்த நல்ல அதிகாரி கேட்டாரே, அது என்ன? அது வெற்றுத்தாள்! "அரசும் நம்பிக்கை இழந்தது, அலுவலகமும் நம்பிக்கை இழந்தது, இவர்களையாவது நம்புகிறார்களா பார்ப்போம்" என்னும் அதே துளஜாவின் குரல்! அன்று பாதிரியிடம் போன தாள் இன்று நம் கிளைத் தோழரின் கைக்கு வந்திருக்கிறது. அவர் முகத்திலே பொங்கிய பெருமிதம் இருக்கிறதே, அதுதான் என்னை அச்சுறுத்திற்று.

தோழர்களே! நம்மிடம் கையூட்டுக் கொடுத்து வாங்க வருபவனை நாம் அடையாளம் காண்போம். சாதி சொல்லி வருபவனையும் அடையாளம் காண்போம். ஆனால் "உங்களைத்தான் மக்கள் நம்புகிறார்கள்" என்று சொல்லி வருபவனிடம் மயங்கிவிடுவோம். நம் நேர்மையையே விலையாகக் கேட்பவன் அவன். நம் சொல்லுக்கு மக்கள் தரும் மதிப்பு நாம் சம்பாதித்த சொத்தன்று. சிறை சென்றவர்களும், தடியடி பட்டவர்களும், வெண்மணியில் வெந்தவர்களும் விட்டுச்சென்ற வைப்புநிதி. அதை எடுத்து இன்னொருவன் கடனுக்குப் பிணை நிற்க நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? நெல் மழையில் முளைக்கட்டும் என்று விடுவதா? இல்லை! சுவார்ட்ஸின் சொல்லை நம்பி வந்த மாடுகளால் கோட்டைக்குச் சோறு கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. உழவனின் நெல்லும் விற்றாக வேண்டும். ஊருக்கு அரிசியும் வந்தாக வேண்டும். வேறுபாடு இதுதான்: அவர் தம் வாக்கை மக்களுக்குக் கொடுத்து, மக்களின் நெல்லை அதிகாரத்துக்குக் கொடுத்தார். நாம் அதிகாரத்தின் வாக்கை எழுத்தில் வாங்கி மக்கள் கையில் கொடுக்க வேண்டும்.

திண்ணையில் அன்று முடிவானது அதுவே. கிளைத் தோழர் மறுநாள் அந்த அதிகாரியிடம் சென்றார். "ஐயா, உங்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வார்த்தை நாங்கள் சொல்லமாட்டோம். எழுத்து நீங்கள் கொடுங்கள். போன முறை பாக்கி எந்தத் தேதியில் வரும்? இந்த முறைப் பணம் எத்தனை நாளில் வரும்? வராவிட்டால் பொறுப்பு எந்த நாற்காலிக்கு? ஆளின் பெயர் வேண்டாம், பதவியின் பெயர் போதும். ஆள் மாறுவார், பதவி மாறாது. அந்தத் தாளைக் களத்தில் ஒட்டுவோம். ஒலிபெருக்கியில் படிப்போம். மூட்டையை இறக்குவதா வேண்டாமா என்று உழவர்களே கூடி முடிவு செய்வார்கள்" என்றார்.

அதிகாரி சிறிது நேரம் பேசவில்லையாம். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். கேட்கட்டும்! நல்லவர் என்றால் கேட்பார். எழுத்து வந்தால் நெல் இறங்கும். வராவிட்டால், உழவரும் தொழிலாளரும் அந்த அலுவலகத்தின் வாசலில் இறங்குவார்கள். இரண்டில் எது நடந்தாலும், கீழ்வேளூரில் எவன் சொல்லும் எவனுக்கும் அடகு போகாது.

தஞ்சைக்குப் போகும்போது அந்தச் சிற்பத்தை நீங்களும் பாருங்கள். வெறுப்போடு வேண்டாம்; விழிப்போடு பாருங்கள். கரம் பற்றி நிற்கும் மன்னனைப் பாருங்கள். நாட்டை இழக்கப்போவது அறியாமல் நன்றியோடு நிற்கிறான். கண் மூடும் கிழவரைப் பாருங்கள். தம் நற்பெயரை யார் எடுத்துக்கொண்டு போனார் என்பதை அறியாமலேயே கண் மூடுகிறார். பிறகு அந்தச் சலவைக்கல்லில் இல்லாதவனை நினையுங்கள். சேற்றிலே நிற்பவன் அவன். அவனுக்குச் சிலை வேண்டாம், தாள் வேண்டும். வெற்றுத்தாள் அன்று, எழுதிய தாள்!

அந்தத் தாளை அவன் கையிலே சேர்ப்பதுதான் நம் வேலை. சேர்ப்போம்!